எம்எம்ஏ களத்தில் மேம்பட்ட சப்மிஷன் பிடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள் யாருக்கானவை?

எம்எம்ஏ என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிக்காகத் தரைப்போரில் ஓரிரு ஆண்டுகளாவது முறையாகப் பயின்று, கார்டு (மல்லாந்து கால்களால் எதிராளியைத் தடுப்பது), மவுண்ட் (அவர் உடல்மேல் அமர்வது), சைட் கண்ட்ரோல் (பக்கவாட்டிலிருந்து அமுக்குவது), முதுகுப்பிடி ஆகிய நிலைகளை அறிந்து, அடிப்படையான கழுத்து நெரிப்புகளையும் மூட்டுப் பூட்டுகளையும் (எதிராளியைச் சரணடையச் செய்யும் இவையே சப்மிஷன் பிடிகள்) ஒத்துழைக்கும் கூட்டாளியிடம் தடுமாறாமல் போடத் தெரிந்தவர்களுக்கானவை. எதிர்த்து நிற்பவரிடமும், அதிலும் குத்தவும் உதைக்கவும் உரிமை உள்ளவரிடமும் அதே பிடிகள் ஏன் பலிப்பதில்லை என்ற கேள்வி அவர்களுக்குத்தான் எழும். முற்றிலும் புதியவர்கள் முதலில் விழுவதற்கும், எழுவதற்கும், உரிய நேரத்தில் தட்டிச் சரணடைவதற்கும் கற்றுக்கொள்ள வேண்டும்.

'மேம்பட்ட நுட்பம்' என்றால் அரிய, சிக்கலான பிடிகள் என்று பொருளா?

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தால் பலர் ஆண்டுகளை வீணாக்குகிறார்கள். யுஎஃப்சி என்ற முன்னணி எம்எம்ஏ அமைப்பின் போட்டிகளில் மிக அதிகமாக வெற்றி தந்துள்ள சப்மிஷன், முதல் மாதத்திலேயே கற்றுத்தரப்படும் பின்கழுத்து நெரிப்பு, அதாவது ரியர் நேக்கட் சோக். 1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில் நடந்த முதல் யுஎஃப்சி இறுதிப்போட்டியில் ஹாய்ஸ் கிரேசி ஜெரார்டு கோர்டோவை வென்றது அதே பிடியால்தான். அந்த அமைப்பின் வரலாற்றில் மிக அதிக சப்மிஷன் வெற்றிகளைப் பெற்றுள்ள சார்லஸ் ஒலிவேராவும் திரும்பத் திரும்ப நாடுவது அதையும், முன்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் கில்லட்டினையும் போன்ற பழகிய பிடிகளையே.

பிடி ஒன்றுதான், அதை எட்டும் வழியில்தான் தேர்ச்சி இருக்கிறது. எதிராளிக்கு அந்தப் பிடியும் தெரியும், அதற்கான தற்காப்பும் தெரியும். அவர் ஒன்றைத் தடுக்கும்போது எந்தக் கை, எந்தத் தோள், எந்தப் பக்கம் காவலின்றித் திறக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்து அங்கே காத்திருப்பவரையே தேர்ந்தவர் என்று நான் கருதுகிறேன். ஐம்பது பிடிகளை அரைகுறையாக அறிந்தவரைவிட, ஒரே நிலையிலிருந்து கிளைக்கும் நான்கு பிடிகளை ஒன்றோடொன்று கோக்கத் தெரிந்தவர் எம்எம்ஏ நடக்கும் வேலியிட்ட கூண்டுக்குள் பல மடங்கு ஆபத்தானவர்.

அடியின்றிப் பிடிகளால் மட்டுமே ஆடும் ஜியு-ஜிட்சு போட்டிகளில் வென்றவர்கள் கூண்டுக்குள் ஏன் திணறுகிறார்கள்?

தரைப்போர்ச் சப்மிஷன் போட்டிகளில் மிகப் பெரும் புகழ் பெற்ற மார்செலோ கார்சியா, அபுதாபி உலகப் போட்டியில் நான்கு முறை பட்டம் வென்றவர். 2007ஆம் ஆண்டு அவர் ஆடிய ஒரே எம்எம்ஏ போட்டியில் தோற்றார். இதனால் அவருடைய கலை குறைந்துவிடவில்லை. அடி அனுமதிக்கப்பட்டவுடன் அதே நிலைகளின் மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்பது விளங்குகிறது. உடையைப் பிடிக்க வழியில்லை. வியர்வையால் உடல் வழுக்குகிறது. சுமார் 4 அவுன்ஸ் எடையுள்ள கையுறை விரல்களுக்கு மேல் தடிமனாக இருப்பதால், எதிராளியின் தலைக்கும் தோளுக்கும் இடையிலுள்ள சிறு சந்தில் கை நுழைய மறுக்கிறது.

மல்லாந்து கிடந்து ஆடுவது ஜியு-ஜிட்சுவில் மதிக்கத்தக்க உத்தி. கூண்டில் அது பெரும்பாலும் சுற்றை இழக்கும் உத்தி. மதிப்பெண் நடுவர்கள் எதிராளிக்கு உண்மையாகவே ஆபத்தை உண்டாக்கிய சப்மிஷன் முயற்சிகளைக் கணக்கில் எடுப்பார்கள்; பெயரளவுக்குக் காலைத் தூக்கிப் போட்டு விடுவதற்கு மதிப்பில்லை. அந்தக் கால் கழுத்தைச் சுற்றும் வரையிலான இடைவெளியில் மேலே இருப்பவர் இரண்டு முழங்கை அடிகளை இறக்கிவிடுவார்.

தூக்கி அடிப்பது இன்னோர் ஆபத்து. எதிராளியின் தலை தரையில் குத்தும்படி அவரைத் தலைகீழாக இறக்குவது விதிமீறல்தான். ஆனால் சப்மிஷன் பிடியில் சிக்கியவர், பிடித்திருப்பவரைத் தூக்க முடிந்தால் எப்படி வேண்டுமானாலும் கீழே போடலாம் என்பது எம்எம்ஏவின் ஒருங்கிணைந்த விதிகளின் நிலைப்பாடு, ஏனெனில் பிடியை விடும் உரிமை பிடித்தவரிடமே இருக்கிறது. 2004 ஜூனில் ஜப்பானின் பிரைடு போட்டியில் ரிக்கார்டோ அரோனா, குவின்டன் ஜாக்சனுக்கு, கால்களால் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து நெரிக்கும் முக்கோணப் பூட்டுப் போட முயன்றபோது, ஜாக்சன் அவரை அப்படியே உயரத் தூக்கித் தரையில் அறைந்து நினைவிழக்கச் செய்தார். கால்களால் பூட்டுப் போடும் எவரும் எதிராளியின் காலையோ தொடையையோ ஒரு கையால் கொக்கி போட்டுப் பிடிக்கப் பழக வேண்டும். அல்லது அவர் எழத் தொடங்கும் கணத்திலேயே பிடியை விட்டுவிட வேண்டும்.

முதலில் எந்த நிலையில் ஆழமான தேர்ச்சி பெறுவது நல்லது?

ஐயமின்றி முதுகுப்பிடியில். பின்னால் இருப்பவரை எதிராளியால் பார்க்க முடியாது, திருப்பி அடிக்கவும் முடியாது. நமக்கு அடிக்கவும் நெரிக்கவும் ஒருசேர வாய்ப்புக் கிடைக்கும் நிலை இதுதான்.

ஒரு கை எதிராளியின் தோளுக்கு மேலாகவும், மற்றொன்று அக்குளுக்குக் கீழாகவும் சென்று மார்பில் இணைவதை சீட்பெல்ட் பிடி என்கிறோம். மேலாகச் செல்வது நெரிக்கும் கை. கீழாகச் செல்வது காவல் கை. தரையில் பக்கவாட்டில் சாயும்போது நெரிக்கும் கையின் பக்கம் சாய்வதே நமக்கு வலுவானது. எதிராளி எப்போதும் மறுபக்கம் நழுவித் தன் தோள்களைத் தரையில் பதித்து நம்மை நோக்கித் திரும்ப முயல்வார். ஆகவே முதல் போராட்டம் கழுத்துக்காக அல்ல, பக்கத்துக்காக என்பதைப் பயிற்சியில் மறக்கக் கூடாது.

அடுத்தது கைகளின் போராட்டம். விவரம் அறிந்த எதிராளி தம் இரு கைகளாலும் நம் நெரிக்கும் கையின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்வார். அப்போது வலுவால் இழுத்துக்கொண்டிருந்தால் முன்கை சோர்ந்துவிடும். காவல் கையால் அவருடைய ஒரு மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தி, நம் காலை அந்தக் கையின் மேல் போட்டுச் சிறைப்படுத்தினால், மிஞ்சிய ஒரே கையால் அவர் நம் இரண்டு கைகளைச் சமாளிக்க வேண்டியிருக்கும். எம்எம்ஏவில் இதற்கு இன்னொரு துணையும் உண்டு: காதோரம் இறங்கும் இரண்டு மூன்று குத்துகள். முகத்தைக் காக்கக் கை உயரும், கழுத்து திறக்கும். பின்மண்டையில் மட்டும் அடிக்கக் கூடாது, அது விதிமீறல்.

முன்கை தாடையின் கீழ் நுழைந்த பிறகு, மணிக்கட்டின் எலும்பு குரல்வளையை அழுத்தாமல், முழங்கை மடிப்பு குரல்வளைக்கு நேர் முன்னே அமைய வேண்டும். அப்போது முன்கை ஒரு பக்கத்துக் கரோட்டிட் தமனியையும், புஜம் மறுபக்கத்துத் தமனியையும் அழுத்தும். இரு பக்கமும் சரியாக அழுத்தப்பட்டால் சுமார் 10 வினாடிக்குள் நினைவு தப்பும். மூச்சுக்குழாயை நசுக்குவது மெதுவானது, வலி மிகுந்தது, பயிற்சிக் கூட்டாளிக்குக் காயம் விளைவிப்பது. வலியை எதிராளி பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் மூளைக்குக் குருதி செல்லாமையைப் பொறுத்துக்கொள்ள எவராலும் முடியாது. கையுறையால் மற்றக் கை தலைக்குப் பின்னே நுழையாவிட்டால், இரு உள்ளங்கைகளையும் கோத்து மார்பை முன்தள்ளி முடிக்கும் முறையையும் கற்றிருக்க வேண்டும்.

கால்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை: எதிராளியின் வயிற்றுக்கு முன்னால் கணுக்கால்களைக் குறுக்காக வைத்தால், அவர் தம் காலை அவற்றின் மேல் போட்டு இடுப்பை உயர்த்தி நம் கணுக்காலையே பூட்டிவிடுவார். கொக்கிகளாக மாட்டும் பாதங்களைத் தொடைகளின் உட்புறம் வைக்க வேண்டும். அல்லது ஒரு கணுக்காலை மறுமுழங்காலின் பின்புறம் செருகி இடுப்பைச் சுற்றி முக்கோணமாகப் பூட்ட வேண்டும்.

மற்போர் வீரர் கால்களை நோக்கிப் பாய்ந்து வரும்போது கில்லட்டின் போடலாமா?

போடலாம், ஆனால் கண்மூடித்தனமாகக் குதித்து மல்லாந்து விழக் கூடாது. பிடி நழுவினால் எதிராளி விரும்பிய டேக்டவுனை, அதாவது தரைக்கு வீழ்த்துவதை, நாமே அவருக்குக் கொடுத்தவராவோம். தவிர, அவர் நம் கால்களைக் கடந்து பக்கவாட்டுக்கு வந்த பிறகும் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அவர் தம் தோளை நம் கழுத்தில் பதித்து நம்மையே நெரிப்பார். ஜேசன் வான் ஃப்ளூ 2006இல் அப்படி வென்றதால் அந்த மறுநெரிப்புக்கு அவர் பெயரே நிலைத்தது.

நான் பரிந்துரைப்பது வேறு வரிசை. முதலில் இடுப்பைப் பின்னெறிந்து பாய்ச்சலை நிறுத்த வேண்டும். பின் எதிராளியின் தலையை மார்புக்குக் கீழே கொண்டுவந்து, தாடையையும் ஒரு கையையும் பற்றி, நம் எடை முழுவதையும் அவர் பிடரியில் சுமத்த வேண்டும். இந்த முன்தலைப் பிடியிலிருந்து முழங்கால் அடிக்கும் நிலையும் வரலாம். ஆனால் தரையில் இருப்பவரின் தலையை முழங்காலால் தாக்க விதி இடம் தருவதில்லை என்பதால் அவர் எழும் தருணத்தை அறிந்திருக்க வேண்டும். அவர் தலையை உயர்த்தினால் கில்லட்டின். கையை உட்புறம் ஒடுக்கினால் டார்ஸ் அல்லது அனகோண்டா. நம்மைத் தள்ளிக்கொண்டு எழ முயன்றால் சுற்றிச் சென்று முதுகு.

டார்ஸ், அனகோண்டா இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். டார்ஸில் நம் கை எதிராளியின் அக்குள் வழியாக நுழைந்து கழுத்தின் மறுபக்கம் வெளிவருகிறது. அனகோண்டாவில் கழுத்தைச் சுற்றி நுழைந்து அக்குள் வழியாக வெளிவருகிறது. இரண்டிலும் அவருடைய தோளே அவர் கழுத்தின் ஒரு பக்கத்தை அழுத்தும் ஆப்பாக மாறுகிறது. நீண்ட கை உடையவர்களுக்கு டார்ஸ் எளிது.

கிமுராவை ஏன் சப்மிஷன் என்பதைவிடக் கட்டுப்பாட்டுப் பிடி என்று சொல்கிறார்கள்?

எதிராளியின் மணிக்கட்டைப் பற்றி, நம் மற்றக் கையை அவர் புஜத்தைச் சுற்றிச் செலுத்தி, நம் மணிக்கட்டையே நாம் பற்றும் இந்த எட்டு வடிவப் பிடி ஜூடோவில் உடே-கராமி என்றும், கேட்ச் மற்போரில் இரட்டை மணிக்கட்டுப் பூட்டு என்றும் வழங்கப்பட்டது. 1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா இதே பிடியால் ஹீலியோ கிரேசியின் கையை முறித்தார். ஹீலியோ தட்ட மறுத்தார். அவர் தரப்பினர் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினர். தங்களை வென்றவரின் பெயரையே பிரேசிலியர்கள் அந்தப் பிடிக்குச் சூட்டியதை விளையாட்டு உலகின் பெருந்தன்மைக்கு நல்ல எடுத்துக்காட்டாக நான் எண்ணுகிறேன்.

ஒருவர் தோளைக் கட்டுப்படுத்தினால் அவர் உடற்பகுதி முழுவதையும் திருப்ப முடியும் என்பதே இதன் பயன். பூட்டு முற்றுப்பெறாவிட்டாலும், அந்தப் பிடியைக் கொண்டு எதிராளியைப் புரட்டலாம், முதுகுக்குச் செல்லலாம், அவர் கையை நேராக்கித் தப்ப முயன்றால் முழங்கை மூட்டை எதிர்ப்புறம் வளைக்கும் ஆர்ம்பாருக்கு மாறலாம். 2000 ஆகஸ்டில் கசுஷி சகுராபா, முதுகைப் பிடித்திருந்த ஹென்சோ கிரேசிக்கு நின்ற நிலையில் இந்தப் பூட்டைப் போட்டு, கீழே விழுந்தவாறே வென்றார். முதுகை இழந்தவர்கூட இதனால் ஆட்டத்தைத் திருப்பலாம்.

2011 டிசம்பரில் டொரண்டோவில் நடந்த போட்டி இன்னொரு பாடத்தைத் தருகிறது. அன்டோனியோ ரொட்ரிகோ நொகேரா தம் குத்துகளால் ஃபிராங்க் மிரைத் தள்ளாடச் செய்தபின், தொடர்ந்து அடிப்பதை விட்டுக் கழுத்தைப் பிடிக்கச் சென்றார். மிர் புரண்டு கிமுராவைப் பற்றி, நொகேராவின் மேற்கையை முறித்தார். அடியால் முடிக்கக்கூடிய ஆட்டத்தைப் பிடியால் முடிக்க முனைவது, பிடியில் வல்லவர்களுக்கே உரிய சபலம். எதிராளி தள்ளாடும்போது மேலேயே நிலைத்திருந்து அடிப்பதுதான் பெரும்பாலும் சரியான முடிவு.

கீழிருந்து போடும் முக்கோணப் பூட்டும் ஆர்ம்பாரும் இன்றும் பயன்படுமா?

பயன்படும். 2010ஆம் ஆண்டின் இரண்டு போட்டிகளை இன்றும் மாணவர்களுக்குக் காட்டலாம். ஜூன் 26 அன்று சான் ஹோசேயில், பல ஆண்டுகளாக வீழ்த்த முடியாதவராகக் கருதப்பட்ட ஃபெடோர் எமிலியாநென்கோ, கீழே விழுந்த ஃபாப்ரிசியோ வெர்டூமின் மேல் அவசரமாகப் பாய்ந்து, 69 வினாடியில் முக்கோணப் பூட்டிலும் ஆர்ம்பாரிலும் ஒருசேர அகப்பட்டுத் தட்டினார். ஆகஸ்ட் 7 அன்று ஓக்லண்டில், நான்கு சுற்றுகள் முழுவதும் சேல் சோனனிடம் அடிபட்டுக் கீழே கிடந்த ஆண்டர்சன் சில்வா, ஐந்தாம் சுற்று முடிய 2 நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது அதே பூட்டால் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

இரண்டிலும் மேலே இருந்தவரின் ஒரு கை அவருக்கும் கீழிருந்தவருக்கும் இடையே தரையை நோக்கி இறங்கியிருந்தது, மற்றொன்று வெளியே இருந்தது. அடிக்கும் எவரும் ஒரு கணம் இந்த நிலையைக் கடந்தே தீர வேண்டும். அவர் மணிக்கட்டைப் பற்றியிருப்பவருக்கு மட்டுமே அந்தக் கணம் பயன்படும். மணிக்கட்டையும் பிடரியையும் கட்டுப்படுத்தி, எதிராளி நிமிர முடியாதபடி தாழ்த்தி, இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பிக் கோணத்தை உண்டாக்கிய பிறகே கால்கள் பூட்ட வேண்டும். அவர் நிமிர்ந்துவிட்டால், பிடியை நீட்டிக்காமல் இடுப்பைத் தள்ளி எழுந்து நிற்க வேண்டும். தோற்ற பிடியைக் காதலிப்பவர் மேலும் ஐந்து அடிகளை வாங்குவார்.

முக்கோணப் பூட்டைக் கீழிருந்துதான் போட வேண்டும் என்பதும் இல்லை. 2020 அக்டோபரில் அபுதாபியில் ஹபீப் நுர்மகொமெதோவ், ஜஸ்டின் கேச்சியின் மேல் மவுண்டில் இருந்து அதைத் தொடங்கியே அவரை நினைவிழக்கச் செய்தார். மேலிருந்து தொடங்கும் பூட்டு தவறினாலும் இழப்பு குறைவு.

குதிகாலைப் பிடித்து முறுக்கும் ஹீல் ஹூக் போன்ற கால் பூட்டுகளை எம்எம்ஏவுக்காகக் கற்க வேண்டுமா?

கற்க வேண்டும், குறைந்தது தற்காத்துக்கொள்ளவாவது. பல பயிற்சிக் கூடங்களில் இவை நீண்ட காலம் ஒதுக்கி வைக்கப்பட்டதற்குப் போட்டி விதிகளும் காரணம். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு ஹீல் ஹூக்கை, ஜியு-ஜிட்சு மேலாடை அணியாத பிரிவில், பழுப்பு, கறுப்புப் பட்டை பெற்ற வயதுவந்தவர்களுக்கு 2021இல்தான் அனுமதித்தது. அதற்கு முன்பே நியூயார்க்கில் ஜான் டானஹர் தம் மாணவர்களைக் கொண்டு கால் பூட்டுகளை ஓர் ஒழுங்கான முறையாக வளர்த்தெடுத்துவிட்டார். குதிகாலைப் பிடிப்பதற்கு முன் எதிராளியின் இடுப்பையும் முழங்காலையும் நம் கால்களால் சிறைப்படுத்து என்பதே அந்த முறையின் உயிர். ஜூடோவின் அஷி-கராமி என்ற சொல்லே இந்தக் கால்பின்னல் நிலைகளுக்கும் வழங்குகிறது.

எதிராளியின் குதிகாலை நம் முழங்கை மடிப்பில் கொக்கி போட்டு, அவர் முழங்காலை அசையவிடாமல் தொடைகளால் இறுக்கி, நம் உடலையே திருப்பினால் அவருடைய கணைக்காலெலும்பு முறுக்கப்படும். சேதம் முழங்காலின் தசைநார்களில் ஏற்படும். ஆர்ம்பாரில் முதலில் வலி வரும், பிறகு சேதம் வரும். ஹீல் ஹூக்கில் வலியை உணரும்போதே தசைநார் கிழிந்திருக்கக்கூடும். என் பயிற்சிக் கூட்டாளி ஒருவர் வலிக்கவில்லையே என்று தட்டாமல் புரண்டு, அதன்பின் பல மாதங்கள் ஊன்றுகோலோடு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதற்கென்று ஒரு தனி விதியை வைத்துக்கொள்ளுங்கள்: குதிகால் முழுமையாகப் பிடிபட்டதும், முறுக்குவதற்கு முன்பே தட்ட வேண்டும், பிடித்தவரும் முறுக்காமல் அதோடு நிறுத்த வேண்டும்.

கூண்டில் இதற்குள்ள இடர், நம் இரு கைகளும் எதிராளியின் காலில் இருக்கும்போது நம் முகத்துக்குக் காவல் இல்லாமைதான். வெளிப்புறப் பின்னலில் எதிராளி நிமிர்ந்து குத்துவது எளிது. நம் இரு கால்களும் அவருடைய தொடையின் உட்புறமாகப் பின்னும் உட்புற நிலையில் அவர் இடுப்பு திரும்பி, குத்தின் வலு குறைகிறது. 2018 டிசம்பர் 29 அன்று ரயன் ஹால், முன்னாள் சாம்பியன் பி. ஜே. பென்னின் கால்களுக்கிடையே உருண்டு நுழைந்து முதல் சுற்றிலேயே ஹீல் ஹூக்கால் வென்றார். ஜப்பானிய வீரர் மசகாசு இமனாரியின் பெயரால் வழங்கும் அந்த உருளல் நின்ற நிலையிலிருந்தே காலை எட்டுவதால், எதிராளிக்குக் குத்தத் தொடங்கவே நேரம் கிடைக்கவில்லை.

கூண்டின் வேலி சப்மிஷன் முயற்சிகளை எப்படி மாற்றுகிறது?

கீழே விழுந்தவர் முதுகை வேலியில் சாய்த்து, கையைத் தரையில் ஊன்றி, அந்தச் சாய்மானத்தின் துணையோடு எழுவார். வேலியை விரலால் பிடித்துக்கொள்வதுதான் தடை. சாய்ந்துகொள்ள யாதொரு தடையும் இல்லை. ஆகவே அவர் கால்களை நம் கால்களால் பின்னி, ஊன்றும் கையின் மணிக்கட்டை அவர் முதுகுக்குப் பின்னே இழுத்துப் பிடிக்கும், ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதி வீரர்களின் பாணியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஹபீப் அதைக் கொண்டு எதிராளிகளை வேலியோரத்தில் அமர்த்தி வைத்தே அடித்தார். அந்த அடிகளிலிருந்து தப்ப அவர்கள் திரும்பும்போது முதுகு கிடைக்கும். மாறாக, ஆர்ம்பாருக்கும் முக்கோணத்துக்கும் தேவையான கோணத்தை வேலி அடைத்துவிடும். அவற்றுக்கு எதிராளியை முதலில் கூண்டின் நடுப்பகுதிக்கு இழுக்க வேண்டும்.

குஷ்தி, ஜூடோ பின்னணி உள்ளவர்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

மற்போரில் தோள்கள் இரண்டும் தரையைத் தொட்டால் தோல்வி. ஆதலால் மற்போர் வீரர் விழும்போதெல்லாம் உள்ளுணர்வாகவே குப்புறத் திரும்புவார். பல ஆண்டுகள் உடலில் ஊறிய அந்தப் பழக்கம் எம்எம்ஏவில் முதுகைத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சமம். குப்புறக் கிடக்காமல் பக்கவாட்டில் திரும்பி, முழங்கையையும் முழங்காலையும் இடையில் செருகி எழும் முறையை அவர்கள் புதிதாகப் பழக வேண்டும். பாயும்போது தலையை எதிராளியின் விலாவுக்கு வெளியே விடுவதும் கில்லட்டினுக்கு அழைப்பாகும். மற்றபடி அவர்களுடைய எடைபோடும் திறமையும் இடைவிடாத அழுத்தமும் பிறர் பத்தாண்டு உழைத்தாலும் பெற அரிய செல்வம். ஜூடோ வீரர்களுக்கு அமுக்கிப்பிடிக்கும் நிலைகள் கைவந்தவை. உடை இல்லாமல் அக்குள், பிடரி, மணிக்கட்டு ஆகியவற்றைப் பிடிக்கப் பழகினாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

ரப்பர் கார்டு, பறந்து போடும் பூட்டுகள் போன்றவை தேவையா?

ரப்பர் கார்டு கீழிருந்து எதிராளியை அடிக்க முடியாதபடி தாழ்த்தி வைப்பதற்காக எடி பிராவோ வளர்த்தெடுத்த முறை. நோக்கம் எம்எம்ஏவுக்குப் பொருத்தமானது. ஆனால் இடுப்பு மூட்டு இயல்பாக நெகிழாதவர்கள் பாதத்தை முகத்தருகே இழுத்தால் சுமை முழங்காலில் விழும். நெகிழ்வு இருந்தால் கற்கலாம். பறந்து போடும் பூட்டுகளைப் பயிற்சி நேரத்தில் தவிர்த்துவிடலாம்.

வாரத்தில் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது?

முழு ஆட்டமாக உருண்டுகொண்டே இருப்பதால் முன்னேற்றம் மெதுவாகவே வரும், ஏனெனில் நாம் கற்க விரும்பும் நிலை ஒரு மணி நேரத்தில் இரண்டு முறைகூட வராது. அந்த நிலையிலேயே தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முதுகுப்பிடியில் சீட்பெல்ட் போட்ட நிலையில் தொடங்கி 2 நிமிடம். நெரித்தாலோ தப்பினாலோ மறுபடியும் அதே தொடக்கம். பின் இருவரும் இடம் மாற வேண்டும். இப்படி ஆறு சுற்று ஆடினால் அந்த நிலையில் 12 நிமிடம் முழுமையாகக் கிடைக்கும். வாரம் மூன்று நாள் தரைப்போர் பயில்பவர் ஒரு நாளை வெறும் கையோடும், ஒரு நாளை எம்எம்ஏ கையுறையோடும், ஒரு நாளை மெதுவான அடிகளை அனுமதித்தும் ஆடலாம். அடி மெதுவாக இருந்தாலும் போதும். முகத்தருகே கை வருகிறது என்ற உணர்வே நம் முடிவுகளை மாற்றிவிடும்.

ஒரு நிலையை ஆறு முதல் எட்டு வாரம்வரை விடாமல் பயிலுங்கள். ஒவ்வொரு நாளும் எந்தத் தற்காப்பு நம்மைத் தடுத்தது என்று ஒரு வரியாவது குறித்து வையுங்கள். களைத்த பிறகு ஆடும் கடைசிச் சுற்றுக்கும் மதிப்பு உண்டு, கூண்டில் சப்மிஷன் வாய்ப்புகள் பல இருவரும் களைத்த பின்னரே வருகின்றன. ஆனால் அந்தச் சுற்றில் ஹீல் ஹூக் வேண்டாம்.

தட்டுவதற்கும் விடுவதற்கும் உரிய ஒழுங்கு என்ன?

கூட்டாளியின் உடலில் தெளிவாக உணரும்படி பலமுறை தட்ட வேண்டும். கைகள் சிக்கியிருந்தால் வாயால் சொல்ல வேண்டும் அல்லது காலால் தரையைத் தட்ட வேண்டும். வலியால் கத்துவதையும் தட்டுவதாகவே கொண்டு பிடியை விட வேண்டும். மூட்டுப் பூட்டை வெடுக்கென்று இழுக்காமல் சீராக இறுக்குவது, கூட்டாளிக்குத் தட்ட நேரம் கொடுக்கும்.

நெரிப்பில் ஒருவர் நினைவிழந்தால் உடனே விட்டு, மல்லாத்திப் படுக்கவைத்து, மூச்சு தடையின்றிச் செல்கிறதா என்று பாருங்கள். பொதுவாகச் சில வினாடிகளில் விழிப்பு வரும். வராவிட்டாலோ, விழித்த பின் பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் வலுவிழந்தாலோ, கழுத்தில் கடும் வலி தொடர்ந்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கும் வாய்ப்பு அரிதானாலும் உண்டு. நினைவிழந்தவர் அன்று மீண்டும் ஆடக் கூடாது.

போட்டியில் நடுவருக்கும் இதே பொறுப்பு உண்டு. 2004 ஜூனில் ஃபிராங்க் மிர் போட்ட ஆர்ம்பாரில் டிம் சில்வியாவின் முன்கை முறிந்தபோது, சில்வியா தட்டவில்லை, ஆட்டத்தைத் தொடரவே விரும்பினார். நடுவர் ஹெர்ப் டீன் எலும்பு முறிவதைக் கண்டு உடனே நிறுத்தினார். அரங்கம் முதலில் கூச்சலிட்டது. எக்ஸ்ரே படம் நடுவர் சொன்னதே சரி என்று காட்டியது.

எங்கள் ஊரில் ஆசிரியர் இல்லை; காணொளிகளைப் பார்த்தே கற்கலாமா?

ஓரளவுக்கு. ஏற்கெனவே அறிந்த நிலையில் ஒரு கையின் இடத்தையோ, இடுப்பின் கோணத்தையோ திருத்திக்கொள்ளக் காணொளி பெரிதும் உதவும். போட்டிகளைப் பார்க்கும்போது முடிவுக்கு முந்தைய 30 வினாடியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். அங்கேதான் பிடி உருவாகிறது. அழுத்தம் எவ்வளவு என்பதையோ, எடை எங்கே இறங்க வேண்டும் என்பதையோ திரை சொல்லாது. அருகில் ஜூடோ மன்றமோ மற்போர் கூடமோ இருந்தால் அங்கே சேர்ந்து உடலைப் பழக்கிக்கொண்டு, மாதம் ஒருமுறையாவது தேர்ந்த ஜியு-ஜிட்சு ஆசிரியர் உள்ள ஊருக்குச் சென்று வருவது நல்ல வழி. ஹீல் ஹூக்கையும் கழுத்தெலும்பை முறுக்கும் பிடிகளையும் மட்டும் ஆசிரியர் இல்லாமல் ஒருபோதும் முயல வேண்டாம். அமெச்சூர் போட்டிகள் பலவற்றின் விதிகள் அவற்றை அனுமதிப்பதே இல்லை என்பதால், முதல் சில போட்டிகள்வரை அவை இல்லாமலேயே நீங்கள் ஆட முடியும்.